தந்திச் சோதனை எண்ணிலிருந்து ஓடிபி வரை: தோல் வணிகத்தின் இரண்டாவது சாவி

இரண்டு படிச் சரிபார்ப்பு என்பது ஒரு கணக்கைத் திறக்கக் கடவுச்சொல் மட்டும் போதாது, அதைச் சாராத இன்னொரு சான்றும் வேண்டும் என்னும் ஏற்பாடு. கடவுச்சொல் நினைவில் இருப்பது. இரண்டாவது சான்று கைபேசி, டோக்கன் போலக் கையில் இருப்பதாகவோ, கைரேகை, முகம் போல உடம்போடு இருப்பதாகவோ அமையும். இணையத்தோடு பிறந்த ஏற்பாடாகத்தான் இது பலருக்கும் தோன்றுகிறது. வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் வட்டாரத்தின் வணிக வரலாறு வேறு கதை சொல்கிறது. முகம் பாராதவர்களோடு கடல் கடந்து வணிகம் செய்த இந்த ஊர்களின் பணம் இணையத்துக்கு முன்பே இரட்டைக் காவலில்தான் நகர்ந்தது. மின்னஞ்சல் வந்த காலத்தில் அந்தக் காவல் தளர்ந்தது.

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல், ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே லண்டன் சந்தைக்குப் போனது. சென்னை பெரியமேட்டின் மண்டிக்காரர்கள் இடையில் நின்றார்கள். விலையும் ஆர்டரும் பணமும் கடிதத்திலும் தந்தியிலும் பேசி முடிக்கப்பட்டன. ஆனால் தந்தியின் அடியில் ஒருவர் பெயர் இருப்பதாலேயே அவர்தான் அனுப்பினார் என்று ஆகிவிடாது. பணம் கொடுக்கச் சொல்லித் தந்தி வந்தால் அதை எப்படி நம்புவது?

வங்கிகள் இதற்குக் கண்ட வழிதான் ‘டெஸ்ட் கீ’ எனப்பட்ட சோதனை எண். உறவு வைத்துக்கொண்ட இரண்டு வங்கிகள் ஓர் இரகசிய அட்டவணையை முன்கூட்டியே பரிமாறிக்கொள்ளும். தேதிக்கு ஓர் எண், நாணயத்துக்கு ஓர் எண், தொகைக்கு ஓர் எண் என்று அந்த அட்டவணையில் இருக்கும். அனுப்பும் வங்கி அவற்றைக் கூட்டி வரும் விடையைத் தந்தியிலேயே சேர்த்து அனுப்பும். பெறும் வங்கி தன் அட்டவணையை எடுத்து அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடை ஒத்தால்தான் பணம் நகரும். வழியில் தொகையை யாராவது மாற்றியிருந்தால் கணக்கு உதைக்கும். கடனுறுதிக் கடிதமான எல்.சி. அஞ்சலில் வந்தாலும் அப்படியே ஏற்கப்படவில்லை. அதிலுள்ள கையொப்பங்களை, வங்கியில் இருக்கும் மாதிரிக் கையொப்பப் புத்தகத்தோடு ஒப்பிட்ட பிறகே ஏற்றுமதியாளருக்குத் தகவல் போனது. எல்.சி.க்கான உலகப் பொது விதிகளைச் சர்வதேச வணிகச் சபை 1933இல் முதன்முதலாக வெளியிட்டது.

1970களில் அரசு கச்சாத்தோல் ஏற்றுமதியைத் தடுத்து, பாதி பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு விதித்தது. அதன் பிறகு ஆம்பூர் வட்டாரம் முழுமையாக்கப்பட்ட தோலுக்கும், அடுத்து ஷூவுக்கும் மாறியது. தோலை விற்பதற்குச் சில செய்திகள் போதும். ஷூவுக்கோ மாதிரி, அளவு, நிறம், திருத்தம் என்று ஒரே ஆர்டருக்கு ஓயாத கடிதப் போக்குவரத்து வேண்டும். தட்டச்சுச் செய்தியைத் தொலைவுக்கு அனுப்பும் டெலக்ஸ் அந்தச் சுமையைத் தாங்கியது. டெலக்ஸில் வந்த பண உத்தரவுக்கும் சோதனை எண் இருந்தது. 1991இல் இந்திய வங்கிகள், வங்கிகளுக்கிடையிலான செய்தி வலையான ஸ்விஃப்டில் இணைந்த பிறகு அந்த வேலையை இயந்திரமே ஏற்றுக்கொண்டது.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் சென்னை உள்ளிட்ட நகரங்களில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் தந்தது. சில ஆண்டுகளில் ஏற்றுமதி நிறுவனங்களின் பேச்செல்லாம் மின்னஞ்சலுக்கு வந்துவிட்டது. மின்னஞ்சலைக் கொண்டு செல்லும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டது. அனுப்புநர் உண்மையில் அவர்தானா என்று பார்க்கும் வழி அதில் இல்லை. அஞ்சல் பெட்டியைப் பூட்டியிருந்ததும் ஒற்றைக் கடவுச்சொல்தான். பல அலுவலகங்களில் அதுவும் நாலைந்து பேருக்குத் தெரிந்ததாக இருந்தது. நெடுநாள் பழகிய வாங்குபவர் எல்.சி. இல்லாமல் நேரடி வங்கி மாற்றாகப் பணம் அனுப்பும் வழக்கமும் பரவியபோது, வங்கியின் பழைய சோதனைகள் வணிகப் பேச்சுக்கு வெளியே போய்விட்டன. வங்கிக் கணக்கு எண்ணே இன்னொரு மின்னஞ்சலாக வந்தது.

ஏற்றுமதித் தொழில்களைத் தாக்கும் மோசடி நுழைந்தது இந்த இடைவெளியில்தான். திருடன் அஞ்சல் பெட்டிக்குள் புகுந்து வாரக்கணக்கில் படித்துக்கொண்டிருப்பான். இன்வாய்ஸ் போகும் நாளில், அதே நடையில், அதே கையெழுத்து வரியோடு, ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று ஒரு கடிதம் வாங்குபவருக்குப் போகும். சரக்கு கப்பலேறியிருக்கும், பணம் வேறெங்கோ போயிருக்கும். இவ்வகை வணிக மின்னஞ்சல் மோசடியில் 2023இல் மட்டும் 290 கோடி டாலர் இழக்கப்பட்டதாக அமெரிக்கப் புலனாய்வுத் துறையின் இணையக் குற்றப் பிரிவு கணக்கிட்டது. அஞ்சல் பெட்டிக்கு இரண்டாவது சாவி இருந்தால் இந்தத் திருட்டின் முதல் படியே கடினமாகிவிடும். போலி முகவரியிலிருந்து வரும் கடிதத்தை மட்டும் அது தடுக்காது. அதற்கு, முன்பே தெரிந்த தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுக் கேட்பதுதான் வழி.

மின்னஞ்சலுக்கு வருமுன்பே அரசு அலுவல்களில் இரண்டாவது சாவி வந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்து, எண்முறைக் கையொப்பத்துக்குச் சட்ட மதிப்பு தந்தது. ஏற்றுமதியாளர்களின் மேசைக்கு யுஎஸ்பி டோக்கன் இப்படித்தான் வந்தது. டோக்கனைச் செருகி, அதன் இரகசிய எண்ணையும் இட்டால்தான் கையொப்பம் விழும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் டோக்கனும் எண்ணும் ஆடிட்டர் அலுவலகத்தின் ஒரே இழுப்பறையில் கிடப்பது சிறு நிறுவனங்களில் இன்றும் உள்ள வழக்கம். இரண்டு சாவியும் ஒரே ஆணியில் தொங்கினால் அது ஒற்றைப் பூட்டுதான்.

ஓடிபி என்னும் ஒருமுறை எண்ணைப் பொதுமக்கள் அறிந்தது ரிசர்வ் வங்கியால். 2009 ஆகஸ்ட் 1 முதல் இணையத்தில் அட்டையால் பணம் செலுத்தக் கூடுதல் சான்று கட்டாயம் என்று அது விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் இதையொத்த விதியை 2019 செப்டம்பரில்தான் நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. ஆம்பூர் ஷூவை வாங்கும் நாடுகளை விட ஆம்பூர் பத்தாண்டு முந்திக்கொண்டது என்பது பெருமைக்குரியது. நெட் பேங்கிங் மோசடியில் வங்கியின் பொறுப்பு என்ன என்ற கேள்விக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஒரு முன்னோடித் தீர்ப்பு வந்தது. தூத்துக்குடி வாடிக்கையாளர் ஒருவர் 2007இல் போலி மின்னஞ்சலால் பணம் இழந்த வழக்கில், வங்கி 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலர் 2010 ஏப்ரலில் உத்தரவிட்டார்.

மின்னஞ்சலுக்குத் தீர்வு 2011இல் வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் கூகுள் தன் பயனர்கள் அனைவருக்கும் இரண்டு படிச் சரிபார்ப்பைத் திறந்தது. மே மாதம் நேரம் சார்ந்த ஒருமுறை எண்ணுக்கான பொதுத் தரம் வெளியானது. இதன்படி கைபேசிச் செயலியும் சேவையகமும் ஓர் இரகசியத்தை முன்கூட்டியே பகிர்ந்துகொள்கின்றன. அந்த இரகசியத்தோடு அப்போதைய நேரத்தைச் சேர்த்து, பெரும்பாலும் 30 நொடிக்கு ஒருமுறை இரு பக்கமும் தனித்தனியே கணக்கிடுகின்றன. ஆறு இலக்கம் ஒத்துப்போனால் கதவு திறக்கும். அட்டவணையையும் தேதியையும் வைத்துத் தந்திக் காலத்து வங்கி எழுத்தர் போட்ட கணக்கின் நேர் வாரிசு இது.

வங்கிகளின் வலையும் தப்பவில்லை. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் ஸ்விஃப்ட் அமைப்பு வழியாக மூன்று போலி உத்தரவுகள் போயின. மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் டாலர். இரண்டாண்டு முன் வங்கதேச மத்திய வங்கியில் 8.1 கோடி டாலர் பறிபோனதை அடுத்து, பலபடிச் சரிபார்ப்பு உள்ளிட்ட பாதுகாப்பு விதிகளை ஸ்விஃப்ட் தன் உறுப்பு வங்கிகளுக்கு ஏற்கெனவே விதித்திருந்தது.

சிறு ஷூ கம்பெனிக்கும் ஓடிபி அன்றாட வேலையானது ஜிஎஸ்டியால். சரக்கு லாரி கிளம்ப இ-வே பில் வேண்டும். அந்தத் தளத்தில் நுழைய இரண்டு படிச் சரிபார்ப்பு 2023 ஆகஸ்ட் 20 முதல் 100 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும், 2025 ஜனவரி 1 முதல் 20 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும், பிப்ரவரி 1 முதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும், ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் கட்டாயமானது. உரிமையாளரின் கைபேசிக்கு ஓடிபி வரும், பில் போடுபவர் வேறொருவர். ஊழியர்களுக்குத் தனித்தனி உபகணக்கு தந்து அவரவர் கைபேசி எண்ணைப் பதிவு செய்வதே சரியான வழி. ஓடிபியை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கும் பழக்கம் சரிபார்ப்பின் நோக்கத்தையே கெடுத்துவிடும்.

ஷூ தைக்கும் தொழிலாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு இரண்டாவது சாவி என்றால் வருங்கால வைப்புநிதிதான். அந்த நிதியிலிருந்து இணையவழியில் பணம் கோருவதற்கு ஆதாரோடு இணைத்த கைபேசிக்கு ஓடிபி வர வேண்டும். அந்த எண் கணவருடையதாகவோ மகனுடையதாகவோ இருந்தால், ஒரு பெண்ணின் உழைப்பின் சேமிப்புக்கு இன்னொருவர் காவலாகிறார். பழைய சிம் கைவிட்டுப் போனால் முதலில் ஆதாரில் எண்ணை மாற்ற வேண்டும். தன் பெயரில், தன் கையில் ஒரு கைபேசி எண் என்பது இவர்களைப் பொறுத்தவரை பாதுகாப்பின் அடிப்படை.

குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியின் பலவீனங்களும் வெளிப்பட்டுவிட்டன. போலி சிம் எடுத்து எண்ணைக் கைப்பற்றலாம், பேச்சில் மயக்கி ஓடிபியைக் கேட்டு வாங்கலாம். அதனால் கருவிக்குள்ளேயே இரகசியத்தைப் பூட்டி, உண்மையான தளத்துக்கு மட்டும் பதில் தரும் பாஸ்கீ முறை 2022 முதல் பரவி வருகிறது. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருபவை. இரண்டு சான்றுகள் தொடர்ந்து கட்டாயம், அவற்றில் ஒன்று அந்தந்தப் பரிவர்த்தனைக்கே உரியதாக இருக்க வேண்டும், குறுஞ்செய்தி அல்லாத வழிகளும் ஏற்கத்தக்கவை என்று அவை சொல்கின்றன. இந்திய அட்டையை வெளிநாட்டுத் தளத்தில் பயன்படுத்தும்போது கூடுதல் சான்று கட்டாயமில்லாத நிலை நெடுங்காலம் இருந்தது. அந்தத் தளம் கேட்டால் அட்டை வழங்கிய வங்கி அதைச் சரிபார்த்தே ஆக வேண்டும் என்ற விதிக்கு 2026 அக்டோபர் 1 கெடுவாக வைக்கப்பட்டது.