மாவும் காணியும் மாகாணியும்

புதுச்சேரியில் பாகூர், வில்லியனூர் பக்கம் பட்டாவில் ஹெக்டேர், ஆர் என்று இருந்தாலும், நிலம் பேசும்போது குழி, காணி என்றுதான் பேச்சு. புதுச்சேரிக் குழி 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி. இந்த அளவோடு பொருத்திப் பார்த்தால், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் படித்த கீழ்வாயிலக்கத்துக்குள், அதாவது ஒன்றுக்குக் குறைந்த பின்னங்களின் வாய்பாட்டுக்குள், இன்றைய சமான பின்னப் பாடத்தின் சாரம் இருந்தது விளங்கும்.

கீழ்வாயில் முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. காணி 80இல் ஒன்று (நிலக்காணி வேறு, இது வேறு), மா 20இல் ஒன்று, மாகாணி 16இல் ஒன்று. ஒரு மாவில் 4 காணி உண்டு. அதனுடன் ஒரு காணியைக் கூட்டினால் 5 காணி. 80இல் 5, சுருக்கினால் 16இல் 1. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி என்று சொல்லும் பிள்ளை, பகுதியைச் சமப்படுத்தி, கூட்டி, சுருக்கியும் முடித்துவிடுகிறது. அதுபோல, கூட்டி வரும் தொகை ஐந்து மா என்றால் அங்கேயே விடையை நிறுத்த முடியாது. கால் என்று சொன்னால்தான் கணக்கு முடியும். காணி நிலத்தில் அது 25 குழி. 320ஐத் தேர்ந்ததில்தான் நுட்பம் இருக்கிறது: 16ம் 20ம் அதை மீதியின்றி வகுக்கும். அதனால் பாதி பாதியாக இறங்கும் மாகாணிக் கணக்கும் ஐந்தோடு உறவுள்ள மாக் கணக்கும் ஒரே பகுதியில் சந்திக்கின்றன.

எல்லாம் புரியாத ஒப்பித்தல்தானே என்பார்கள். ஒப்பித்தது உண்மை. ஆனால் மனக்கணக்கில் புதிய தொகை வந்தால் ஒப்பித்தது மட்டும் உதவாது; எதை எதோடு சேர்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். யாருக்குக் கிடைத்தது அந்தக் கல்வி என்ற கேள்விதான் கனமானது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் மூன்று ஊர்கள் பாகூர் வித்யாஸ்தானம் என்ற கல்விநிலையத்துக்கு அளிக்கப்பட்டதை 9ஆம் நூற்றாண்டுச் செப்பேடு சொல்கிறது; அந்தக் கொடை கற்றறிந்தோருக்கு. பிற்காலத் திண்ணைகளும் வயலில் உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் பெரும்பாலும் எட்டவில்லை. இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அது கதவை அடைத்தவர்களின் குற்றம்; கணக்கின் குற்றமல்ல.

மூன்றில் ஒரு பங்குக்கு இங்கே பெயர் இல்லையே என்ற குறையும் நியாயமானது. 106 முந்திரி போக மிச்சம் நிற்கும். முந்திரியை மறுபடி 320ஆகப் பகுத்துக் கீழ்முந்திரிக்குப் போனாலும் 213 போக மிச்சம் நிற்கும். ஒரு காணியை மூன்று பேர் பங்கிட்டால், ஆளுக்கு விடுபடுவது அரைச் சதுர அடிகூட இல்லை. நிலத்துக்கு அது போதும். எண்ணுக்குப் போதாது, அங்கே 1ஐ மேலும் 3ஐக் கீழும் எழுதும் முறைதான் வலுவானது.