விளாதிமிர் வாசோவ்

விளாதிமிர் வாசோவ் (1868–1945) பல்கேரியத் தளபதி. முதல் உலகப் போரில் தொய்ரான் ஏரிக்கரை அரணை 1917, 1918 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரித்தானியத் தாக்குதலிலிருந்து காத்தவர். பின்னாளில் சோபியா நகரின் மேயர்.

பால்கன் மலையடிவாரத்தில் உள்ள சோப்போத் ஊரில் பிறந்தார். பல்கேரிய இலக்கியத்தின் தலைமகனாகப் போற்றப்படும் இவான் வாசோவ் இவருடைய அண்ணன். இன்னொரு அண்ணனான கியோர்கி வாசோவும் தளபதிதான். 1913 மார்ச்சில் எதிர்னே கோட்டையை வீழ்த்திய கிழக்கு முனைப் படைகள் அவர் தலைமையில் இருந்தன. ரஷ்ய-துருக்கிப் போரின்போது, 1877இல், சோப்போத் தீக்கிரையானது. அந்த அழிவைக் கண்ட குடும்பம் இது.

விளாதிமிர் பீரங்கிப் படையில் வளர்ந்தவர். பால்கன் போர்களிலும் பீரங்கிப் படை அதிகாரியாகவே களம் கண்டார். அந்தத் தேர்ச்சிதான் தொய்ரானில் அவருக்குக் கைகொடுத்தது.

1917இல் ஒன்பதாம் பிளெவன் காலாட்படைப் பிரிவின் தலைமை அவரிடம் வந்தது. வார்தார் ஆற்றுக்கும் தொய்ரான் ஏரிக்கும் இடையிலான மேடுகளில் பதுங்குகுழிகள், கான்கிரீட் காப்பறைகள், அடுக்கடுக்கான முள்வேலிகள் ஆகியவற்றால் அரண் எழுந்தது. எதிரி கடந்தாக வேண்டிய ஓடைகளின் தூரமெல்லாம் முன்கூட்டியே அளக்கப்பட்டு, பீரங்கிகள் அங்கே குறிவைக்கப்பட்டிருந்தன. எதிரியின் குண்டுமழை தொடங்கியதும் காலாட்படையினர் காப்பறைகளுக்குள் ஒதுங்குவார்கள். குண்டுமழை ஓய்ந்து எதிரிக் காலாட்படை மேலேறும் நேரத்தில் மீண்டும் குழிகளுக்கு வந்துவிடுவார்கள். இரவில் ஒளிவீச்சு விளக்குகள் சரிவுகளைப் பகலாக்கின.

தளபதி மில்னின் பிரித்தானியப் படை ஏப்ரல் 24–25, மே 8–9 ஆகிய நாள்களில் தாக்கித் தோற்றது. இழப்பு பிரித்தானியக் கணக்கில் ஏறத்தாழ 5,000 பேர். பல்கேரிய நூல்கள் 12,000 என்கின்றன. சரியான எண் எதுவானாலும், அந்த ஓடைகளில் பிரித்தானியர் கொடுத்த விலைக்கு ஈடாக ஒரு முக்கியமான மேடுகூட அவர்கள் கைக்கு வரவில்லை.

1918 செப்டம்பர் 18, 19இல் பிரித்தானியரும் கிரேக்கரும் சேர்ந்து மறுபடியும் தாக்கினர். அப்போதும் அரண் நின்றது. தாக்கியவர்கள் தரப்பில் சுமார் 7,000 பேர் இழப்பு. ஆனால் மேற்கே தோப்ரோ போலே முனை மூன்று நாள்களுக்கு முன்பே உடைந்துவிட்டது. பிரெஞ்சு, செர்பியப் படைகள் பின்புறத்தை அடைத்துவிடும் நிலை வந்ததால், தோற்காத தொய்ரான் படை பின்வாங்க நேர்ந்தது. செப்டம்பர் 29இல் பல்கேரியா சலோனிகாவில் போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்டது. தன் முனையில் வென்ற படைக்கு இதைவிடக் கொடிய முடிவு இருக்க முடியாது. வாசோவின் திறமையைப் போரின் இறுதி விளைவைக் கொண்டு அளப்பது அநீதி.

ஓய்வுக்குப் பின், 1926 முதல் 1932 வரை சோபியாவின் மேயராக இருந்தார். தலைநகரின் குடிநீர்த் தட்டுப்பாட்டைத் தீர்க்க ரீலா மலையிலிருந்து நீர் கொண்டுவரும் பெருங்குழாய் வேலை அந்த ஆண்டுகளில் நடந்தது. 1933இல் தண்ணீர் நகரை அடைந்தது.

1936இல் முன்னாள் போர்வீரர்களின் குழுவோடு லண்டன் சென்றபோது, அங்குள்ள முன்னாள் போர்வீரர்கள் விக்டோரியா ரயில் நிலையத்தில் கொடிகளைத் தாழ்த்தி அவரை வரவேற்றார்கள். தொய்ரானில் அவர் படையின் குண்டுகளுக்கு முன்னால் நின்ற படைப்பிரிவுகளின் மரியாதை அது என்பதால், எந்தப் பதக்கத்தையும்விடப் பெரிய சான்று.

1945 மே மாதம் ரிபரித்சா கிராமத்தில் காலமானார்.