காவஸ்ஜியின் மூக்கு

மைசூருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து ஊரிலிருந்து யார் வந்தாலும் ஸ்ரீரங்கப்பட்டணம் கூட்டிப்போவது என் வேலை. பதினைந்து கிலோமீட்டர்தானே! கோட்டை, ரங்கநாதர், தரியா தௌலத் ஓவியங்கள் எல்லாம் காட்டுவேன். ஆனால் அந்த ஊரோடு சம்பந்தப்பட்ட ஒரு ஆபரேஷன் கதையை கைடுகள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

காவஸ்ஜி ஒரு மராட்டியர். திப்புவுடன் நடந்த போரில் ஆங்கிலேயப் படைக்கு மாடு ஓட்டியவர். 1792இல் திப்புவின் படையிடம் பிடிபட்டார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். அந்தக் கோலத்தில்தான் ஸ்ரீரங்கப்பட்டணம் அருகே பம்பாய்ப் படையிடம் வந்து சேர்ந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் மூக்கில்லாமல் இருந்தவருக்கு, புனே பக்கம் செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் புது மூக்கு வைத்தார்.

எப்படித் தெரியுமா? மெழுகில் மூக்கு அளவுக்கு ஒரு தகடு. அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போட்டு, அந்த அளவுக்குத் தோலை உரித்துக் கீழே திருப்பி ஒட்டினார். புருவங்களுக்கு நடுவே மட்டும் சின்னதாக ஒரு துண்டை வெட்டாமல் விட்டார். சூட்சுமமே அதில்தான். அந்த வழியாக ரத்தம் ஓடினால்தான் ஒட்டிய தோல் உயிரோடிருக்கும். சுமார் 25 நாள் கழித்துத்தான் அதை வெட்டினார். ஒட்டிய இடத்தில் காசுக்கட்டி தடவிய துணி (நம்ம வெற்றிலைக் காசுக்கட்டியேதான்!), நான்கு நாள் கழித்து நெய்யில் நனைத்த துணி. ஐந்தாறு நாள் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். பத்தாம் நாள் மூக்குத் துவாரம் மூடிவிடாமலிருக்க மெல்லிய துணி வைத்தார்கள். மயக்க மருந்து வந்ததே 1846இல்தான். அதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

"எல்லாம் சுஸ்ருதர் அன்றே சொன்னதுதான்" என்று ஃபார்வர்டு அனுப்பும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: சுஸ்ருதர் சொன்னது கன்னத்துத் தோல், இவர் எடுத்தது நெற்றித் தோல். நோயாளியின் பெயர் இருக்கிறது, படம் வரைந்த ஜேம்ஸ் வேல்ஸ் பெயர் இருக்கிறது. கத்தி பிடித்தவர் பெயர்தான் எங்கேயும் இல்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' இதைப் படத்தோடு போட்டது. ஜோசஃப் கார்ப்யூ என்ற டாக்டர் இந்த முறையை எடுத்துக்கொண்டு, முதலில் பிணங்களில் பலமுறை செய்து பழகி, 1814இல்தான் உயிருள்ள ஆளிடம் கத்தி வைத்தார். இரண்டு ராணுவ அதிகாரிகளுக்குச் செய்து, 1816இல் புத்தகமாகவும் எழுதினார். இன்றைக்கும் நெற்றித் தோலில் மூக்கு செய்யும்போது அந்தத் துண்டைச் சுமார் மூன்று வாரம் வெட்டாமல்தான் விடுகிறார்கள்.