வழிச்செலவுக் கணக்கு



தோட்டத்தில் பிறந்து இன்று கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் புதிய ஆசை ஒன்றைச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். விடுமுறையில் நான்கு பேராகச் சேர்ந்து இத்தாலி நாட்டுக்குப் போய் வர வேண்டுமாம். என்னிடம் தமிழ்ப்பள்ளியில் படித்து இப்போது கட்டடக்கலை பயிலும் பெண் ஒருத்தி, ரோமாபுரியில் ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நிற்கும் பாந்தியன் கோவிலின் கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்கிறாள். நல்ல ஆசைதான். அவளுடைய தாயார் என்னைக் கேட்டது ஒரே கேள்வி: "சார், டிக்கெட்டு எவ்வளவு ஆகும்?"

டிக்கெட்டு என்பது வழிச்செலவில் ஒரு துண்டு மட்டுமே. மீதித் துண்டுகள் எவை, அவற்றை யார் கணக்கில் எழுதுவது என்பதை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் பாட்டன் பூட்டன்மார் கடல் கடந்து பேராக் மாநிலத்துக்கு வந்த கதையிலேயே அது இருக்கிறது. அந்தக் கதையைக் கண்ணீர்க் கதையாகப் பலர் சொல்லிவிட்டார்கள். இன்று நாம் அதைக் கணக்குப் புத்தகமாகப் புரட்டிப் பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் வந்தவர்கள் சஞ்சிக்கூலிகள். கப்பல் கட்டணத்தை முதலாளி முன்பணமாகக் கட்டுவார். பிறகு கூலியில் பிடித்துக்கொள்வார். அடுத்து வந்தது கங்காணி முறை. கங்காணி தம் சொந்த ஊருக்கே போய், சொந்தம் பந்தம் என்று ஆட்களைத் திரட்டினார். ஊர்க்கடனை அடைக்க ஒரு தொகை, வழிக்கு ஒரு தொகை என்று முன்பணம் கொடுத்தார். எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழிந்தது என்பதெல்லாம் கங்காணியின் ஏட்டில் இருந்தது. வாங்கியவருக்கோ எழுத்துத் தெரியாது. ஒரு பயணத்தின் விலை பயணம் போனவருக்கே தெரியாமல் இருந்த காலம் அது.

1907-ஆம் ஆண்டில் இந்த நிலை மாறியது. தமிழர் குடியேற்ற நிதி என்று சட்டப்படி ஒரு நிதி ஏற்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்த ஒவ்வொரு முதலாளியும், தம்மிடம் வேலை நடந்த நாட்களைக் கணக்கிட்டு அந்த நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். அதிலிருந்து தொழிலாளரின் வழிச்செலவு கொடுக்கப்பட்டது. அதனால் கடலைக் கடந்து வருகிறவர் அந்தக் கட்டணத்துக்காகக் கடன்பட வேண்டியதில்லை என்றாயிற்று. 1910-இல் சஞ்சி முறையும் ஒழிந்தது. அந்த ஆண்டுகளில்தான் ரப்பர் விலை வானத்துக்கு ஏறியிருந்தது. ஆள் வேண்டும் என்ற அவசரம் முதலாளிகளுக்கு. தர்ம சிந்தனையால் மட்டும் பிறந்த நிதி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

ஆனால் அந்த நிதியை நடத்தியவர்களின் கணக்கு முறையை நான் மெச்சத்தான் வேண்டும். கப்பல் டிக்கெட்டோடு அவர்கள் நிறுத்தவில்லை. கிராமத்திலிருந்து நாகப்பட்டினம் அல்லது சென்னைக்கு அருகிலுள்ள ஆவடி முகாம் வரை ரயில் செலவு; கப்பல் வரும் வரை முகாமில் தங்கலும் சாப்பாடும்; ஏறக்குறைய ஒரு வாரக் கடல் பயணம்; பினாங்குக்கு வந்தால் ஜெரெஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்புக்காகத் தங்கவைக்கும் நாட்கள்; அதன் பிறகு தோட்டம் வரை ரயில். இத்தனையும் தனித்தனி இனமாகக் கணக்கில் ஏறின.

கடைசித் துண்டைக் கவனியுங்கள். துறைமுகத்தில் இறங்கியதும் பயணம் முடிந்துவிடவில்லை. இந்த நாட்டின் முதல் ரயில் பாதையே 1885-இல் நம் பேராக்கில், தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே போடப்பட்டதுதான். ஈப்போவுக்கு ரயில் வந்தது 1895-இல். அதுவும் இன்று தெலுக் இந்தான் என்று அழைக்கப்படும் தெலுக் ஆன்சன் துறைமுகப் பக்கமிருந்து. பினாங்குக்கு எதிர்க்கரையான பிறையிலிருந்து தெற்கே சிரம்பான் வரை பாதை இணைந்தது 1903-இல். அதற்கு முன்னால் வந்தவர்கள் சிறு கப்பலும் ஆற்றுப் படகும் மாட்டு வண்டியும் கால்நடையுமாகத்தான் தோட்டம் சேர்ந்தார்கள். கடலில் போன நாட்களைப் பற்றிப் பேசுகிறோம். கரையிறங்கிய பின் நடந்த தூரத்தை மறந்துவிடுகிறோம்.

அவ்வளவு நுணுக்கமான அந்தக் கணக்கிலும் ஒரு வரி சிறுத்துக் கிடந்தது. அதுதான் திரும்பிப் போகும் வழி. 1923-ஆம் ஆண்டு விதிகளின்படி, வந்த ஓர் ஆண்டுக்குள் உடல்நலக் குறைவு, ஒவ்வாத வேலை, முறையற்ற நடத்தை போன்ற காரணங்களைக் காட்டினால் செலவில்லாமல் திருப்பி அனுப்பலாம். அதற்குப் பின் அவரவர் பாடு. ஆனால் 1930-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து ரப்பர் விலை விழுந்தபோது, பல்லாயிரக்கணக்கானவர்கள் செலவு கொடுக்கப்பட்டே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வேலை இல்லை என்றதும் திரும்பும் டிக்கெட்டு தானே கிடைத்துவிட்டது! வழிச்செலவை எவர் கொடுக்கிறாரோ அவரே நாளையும் குறிக்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1938 ஜூன் மாதத்தில் இந்திய அரசாங்கம் இந்த உதவிப் பயணத்தைத் தடை செய்தது. அதற்குப் பிறகு கடல் கடந்தவர்கள் பெரும்பாலும் தம் காசில் டிக்கெட்டு வாங்கியவர்களே. நம் முதியோர் பலருக்கு அந்தக் கப்பலின் பெயர் மறக்காது: ரஜூலா. 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், தொடக்கத்தில் 5,113 தளப் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. தளப் பயணம் என்றால் அறையும் இல்லை, கட்டிலும் இல்லை. பாயை விரித்த இடமே வீடு. பின்னர் வந்த சிதம்பரம் கப்பல் 1985-இல் தீவிபத்துக்கு ஆளாகி ஓய்ந்தது. நம்மவரின் மலிவுப் பயணம் அத்தோடு கடலைவிட்டு ஆகாயத்துக்குப் போய்விட்டது.

இத்தாலியைச் சொல்லிவிட்டு ரஜூலாவிலேயே நிற்கிறாரே என்று நினைக்கிறீர்களா? இத்தாலியக் கப்பல்களும் நம் கடலில் ஓடின. 1953-இல் 'ஆசியா', 'விக்டோரியா' என்று இரண்டு கப்பல்களை லாய்டு திரியெஸ்தினோ என்னும் இத்தாலியக் கம்பெனி கிழக்கு நாடுகளுக்கு விட்டது. ஹாங்காங், சிங்கப்பூர், கொழும்பு, பம்பாய் ஆகிய ஊர்களிலிருந்து சூயெஸ் கால்வாய் வழியாக அவை இத்தாலிக்குப் போகும். இங்கிலாந்தில் படிக்கப் போன ஆசிய மாணவர்களில் ஒரு பகுதியினர் ஜெனோவாவிலோ நேப்பிள்ஸிலோ இறங்கி, அங்கிருந்து ரயிலில் லண்டன் போனார்கள். அவர்களுக்கு ஐரோப்பாவின் வாசற்படி இத்தாலிதான். சூயெஸ் வெட்டப்படுவதற்கு முன், பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எதிர்த்திசையில் வந்த ஓர் இத்தாலியரும் உண்டு. ஆப்பிரிக்காவைச் சுற்றி, பல மாதங்கள் கப்பலில் கிடந்து தமிழ்நாடு சேர்ந்தவர். நம் பிள்ளைகள் வாசித்துச் சிரிக்கும் பரமார்த்த குருவின் கதையை எழுதிய வீரமாமுனிவர்தான் அவர்.

நம் நாட்டு மாணவர்களின் பயணத்தில் கெர்க்பி என்ற பெயர் முக்கியமானது. இங்கிலாந்தில் லிவர்பூல் நகருக்கு அருகே மலாயா அரசாங்கம் நடத்திய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அது. 1952 முதல் 1962 வரை நடந்தது. துங்கு அப்துல் ரஹ்மான் 1956 பிப்ரவரியில் சுதந்திரச் செய்தியை அங்கே மாணவர்களிடம் சொன்னதால் வரலாற்றில் இடம் பெற்றது. அரசாங்கச் செலவில் போன அந்த இளைஞர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். விடுமுறையில் கையிலிருந்த உதவித்தொகையைச் சிக்கனம் செய்து, போகிற வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏறி, மலிவான விடுதிகளில் படுத்து, ஐரோப்பாவைச் சுற்றியவர்கள் அவர்களில் உண்டு. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். கெர்க்பியில் பயின்றோர் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளுக்காகப் பயிற்றப்பட்டவர்கள் அல்லர். தோட்டப் பிள்ளைக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் அந்தக் கப்பலில் ஏறவில்லை.

அந்த மலிவு விடுதியும் ஓர் ஆசிரியர் தந்ததுதான் என்று சொல்லுவதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர், 1909-இல் மாணவர்களோடு நெடுநடை போனபோது புயலில் சிக்கினார். ஒரு பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பி இரவைக் கழித்தார்கள். விடுமுறையில் பள்ளிகள் காலியாகத்தானே கிடக்கின்றன, பிள்ளைகள் தங்கட்டுமே என்று அவருக்கு அப்போது தோன்றியது. 1912-இல் ஆல்தெனா கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி உருவாயிற்று. ஓர் அறையில் ஆறு பேர், எட்டுப் பேர், ஆளுக்கொரு கட்டில், பொதுக் குளியலறை. லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைப் பழக்கிக்கொடுக்க வேண்டுமா என்ன?

இனி அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். பழைய நிதிக்காரர்கள் போலவே இனம் இனமாக எழுதுவோம். இம்முறை ஏடு நம் கையில் இருக்கட்டும்.

முதலில் வீட்டிலிருந்து விமானம் வரை. ஈப்போ அமான்ஜெயா நிலையத்திலிருந்து கோலாலம்பூர் விமான நிலையத்துக்கே பேருந்து போகிறது. ரயிலில் கோலாலம்பூர் சென்று அங்கிருந்து விரைவு ரயில் பிடித்தால் அதற்குத் தனிக் கட்டணம், 2016 முதல் 55 ரிங்கிட். நான்கு பேர் என்றால் வெறும் கடைசித் துண்டுக்கே 220 ரிங்கிட். வேண்டுமா என்று பாருங்கள்.

விமானக் கட்டணம் நாளுக்கு நாள் மாறும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களும் ஈஸ்டர் காலமும் விலை மிகுந்தவை. நவம்பரும், புத்தாண்டு கழிந்த ஜனவரி பிப்ரவரியும் பெரும்பாலும் குறைவு. விளம்பரத்தில் காட்டும் விலையில் பெட்டிக்கு இடம் சேர்ந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். இடையில் விமானம் மாறுவதாயின் இரண்டும் ஒரே டிக்கெட்டில் இருப்பது நல்லது. தனித்தனியாக வாங்கி, முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது போய்விடும், பணமும் போகும்.

தங்குமிடத்தில் கட்டில் விலையோடு, நகராட்சிக்கென்று ஓர் இரவுக்கு இவ்வளவு எனப் பயணி வரி ரோமாபுரியில் தனியாக வாங்குவார்கள். பதிவு செய்யும் விலையில் அது பல வேளை சேர்ந்திராது. சமையலறை உள்ள விடுதியாகப் பார்த்தால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும். குடிநீர் வாங்க வேண்டியதே இல்லை. தெருவுக்குத் தெரு நல்ல தண்ணீர்க் குழாய்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

ஏமாறும் இடம் விமான நிலையத்துக்கும் ஊருக்கும் இடைவெளிதான். ரோமாபுரியின் பெரிய விமான நிலையமான பியூமிசினோவிலிருந்து நகர மைய நிலையத்துக்கு விரைவு ரயிலில் 32 நிமிடம்; அண்மைக் கட்டணம் 14 யூரோ. சாதாரண ரயிலில் 8 யூரோ. ஆனால் அது வேறு நிலையங்களுக்குப் போகும். பேருந்து அதைவிடவும் மலிவு. ஒரு யூரோவை ஏறத்தாழ 5 ரிங்கிட்டாகப் பெருக்கிப் பாருங்கள். நள்ளிரவில் வந்திறங்கும் மலிவு விமானத்தில், ரயில் நின்றுவிட்டபின் டாக்சிக்குக் கொடுப்பது டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். மிலான் என்று பெயர் போட்டு விற்கும் சில மலிவு விமானங்கள் இறங்குவது 50 கிலோமீட்டர் தள்ளியுள்ள பெர்காமோவில். டிக்கெட்டில் விமான நிலையத்தின் பெயரைப் படியுங்கள், ஊர்ப் பெயரை நம்பிவிடாதீர்கள்.

மாணவர் அட்டை காட்டினால் எங்கும் சலுகை என்றும் நினைக்க வேண்டாம். அரசாங்க அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இலவசம். 18 முதல் 25 வயது வரையிலான குறைந்த கட்டணம் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கே. நம் பிள்ளைகள் மாதத்தின் முதல் ஞாயிறு அங்கிருக்கும்படி நாளைப் பார்த்துக்கொண்டால் நுழைவு இலவசம்.

பணத்துக்கு எங்கே போவது? பயண முகவர் சிலர் "இப்போது பறந்து பிறகு கட்டு" என்கிறார்கள். அந்தக் குரல் எனக்குக் கங்காணியின் குரல் போலவே கேட்கிறது. இதற்கு எதிரான வழியையும் பேராக்கிலேயே கண்டிருக்கிறோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீதிக்கு வந்த நாளில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டித் தொழிலாளர்கள் தோட்டத்தையே வாங்கினார்கள். பத்துப் பத்தாகத் தோட்டம் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள், இரண்டு ஆண்டு முன்கூட்டியே நான்கு பேராக ஓர் உண்டியல் கணக்குத் தொடங்கினால் போதும். தாலியை அடகுக்கடைக்குக் கொண்டுபோக வேண்டாம்; அப்பாவின் சேமநிதியைத் தொட வேண்டாம்.

அந்தத் தாயாருக்கு இந்தக் கணக்கை ஒரு நோட்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். திரும்பும் டிக்கெட்டையும், ரோமாபுரி விடுதியிலிருந்து விமான நிலையத்துக்குத் திரும்பும் ரயில் காசையும், கோலாலம்பூரிலிருந்து ஈப்போ வரும் பேருந்துக் காசையும் முதல் மூன்று வரிகளாகப் போட்டிருக்கிறேன். பாந்தியனுக்கு நுழைவுக் கட்டணம் 2023 முதல் 5 யூரோ. அது நான்காவது வரி.