இருட்டறையில் முகிழ்த்த கவிதை

துறவும் புலமையும் கவிதையும் ஒருவரிடத்தே ஒன்றுகூடல் அரிது. பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினில் அவ்வாறு வாழ்ந்தவர் புனித சிலுவை அருளப்பர். 1542-இல் ஃபொந்திவேரோஸ் என்னும் சிற்றூரில் பிறந்த இவரது இயற்பெயர் ஹுவான் தெ யேப்பெஸ். பட்டு வணிகக் குடும்பத்தவரான தந்தை, ஏழை நெசவுப் பெண்ணை மணந்தமையால் உறவினரால் ஒதுக்கப்பட்டவர். அவர் விரைவில் மறையவே, குடும்பத்தை வறுமை சூழ்ந்தது. மெதினா தெல் காம்போ நகர மருத்துவமனையில் நோயாளருக்குப் பணிவிடை செய்துகொண்டே கல்வி பயின்ற ஹுவான், 1563-இல் கார்மேல் சபையில் சேர்ந்தார். சலமான்காவில் மெய்யியலும் இறையியலும் கற்று, 1567-இல் குருவானார்.

அவ்வாண்டிலேயே அவிலா தெரேசாளைச் சந்தித்தார். சபையைத் தொன்மையான எளிமைக்கு மீட்க அவ்வம்மையார் தொடங்கிய சீர்திருத்தத்திற்குத் தோள் கொடுத்தார். அதனால் சபைக்குள் பூசல் மூண்டது. 1577 டிசம்பர் 2-ஆம் நாள் இரவு, சீர்திருத்தத்தை எதிர்த்த தம் சபையினராலேயே சிறைப்பிடிக்கப்பட்டுத் தொலேதோ மடத்தில் அடைக்கப்பட்டார். ஏறத்தாழப் பத்தடி நீளமும் ஆறடி அகலமும் கொண்ட அறை, சுவரின் உயரத்தில் ஒளி கசியும் ஒரு பிளவு, கசையடி, அரைவயிற்று உணவு. எழுதத் தாளும் இல்லை. எனவே செய்யுள்களை மனத்திலேயே யாத்து, மனத்திலேயே காத்தார். பின்னர் வந்த காவலர் ஒருவர் இரங்கித் தாளும் மையும் அளித்தார். தலைவனைத் தேடி அலையும் தலைவியாக ஆன்மாவைப் பாடும் 'ஆன்மிகக் கானம்' என்னும் படைப்பின் பெரும்பகுதி அங்கே உருப்பெற்றது. 1578 ஆகஸ்டில் ஓரிரவு, போர்வைகளைக் கிழித்துக் கயிறாக்கி, சாளர வழியே இறங்கித் தப்பினார்.

பின்னர், துறவற மகளிர் வேண்டியபடி, தம் கவிதைகளுக்குத் தாமே உரை வகுத்தார். 'இருண்ட இரவு' எட்டே செய்யுள்கள் கொண்டது. அதற்கென அவர் எழுதிய இரு பெருநூல்களும் முற்றுப்பெறவில்லை. அவற்றுள் ஒன்று இரண்டு செய்யுள்களை விளக்கி, மூன்றாவதன் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. புலமைக் குறைவு இதற்குக் காரணமன்று. பாயேசாவில் கல்லூரித் தலைவராக விளங்கியவர் அவர். அன்பின் மொழியை முழுதும் விளக்கிவிட இயலாது என்றும், தம் உரைக்குள் படிப்போர் கட்டுண்டு நிற்க வேண்டியதில்லை என்றும் 'கானத்தின்' முன்னுரையிலேயே அவர் உணர்த்துகிறார். யாத்தவரே கவிதையின் பொருளுக்கு எல்லை கட்ட மறுத்தது கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இறுதியாண்டில் பொறுப்புகள் யாவும் பறிக்கப்பட்டு, 1591 டிசம்பர் 14-இல் உபேதாவில் காலமானார். 1618-இல் அவருடைய படைப்புகள் முதன்முதலாக அச்சேறியபோது 'ஆன்மிகக் கானம்' சேர்க்கப்படவில்லை. உன்னத சங்கீதத்தின் சாயல் படிந்த பாடல்களை ஐயத்துடன் நோக்கிய காலம் அது. சலமான்காப் பேராசிரியர் லூயிஸ் தெ லெயோன், அந்நூலைத் தாய்மொழியில் பெயர்த்ததும் ஒரு குற்றமாகச் சுமத்தப்பட, 1572 முதல் 1576 வரை சிறையிருந்தார்.

திருச்சபை அருளப்பரை 1726-இல் புனிதராகவும் 1926-இல் மறைவல்லுநராகவும் அறிவித்தது. அவர் யாத்த செய்யுள்கள் அளவில் மிகச் சிலவே. ஆயினும், முதற்பதிப்பில் இடம்பெறாத அச்சிறைப்பாடல் இன்று ஸ்பானியக் கவிதையின் சிகரங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.