பன்றி முதுகும் இரண்டு உப்பங்கழிகளும்

'முக்கனாகெடர்டாஹாலியா.'

ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்களா? சபாஷ்! இது வியாதியின் பெயர் அல்ல, ஊர். அயர்லாந்தின் மேற்குக் கரையில், கால்வே மாவட்டத்தில், பாறையும் சதுப்புமான கனமாரா பிரதேசத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் 22 எழுத்துகள்!

ஊர் என்றுகூடச் சொல்லக்கூடாது. 'டவுன்லேண்ட்' என்பார்கள். டவுன் என்கிறார்களே என்று பஸ் ஸ்டாண்டைத் தேடாதீர்கள். நாலு வீடு, கொஞ்சம் மேய்ச்சல் நிலம், எல்லைக்கு ஓர் ஓடையோ கல்சுவரோ. அவ்வளவுதான். தீவு முழுக்க இப்படி 60,000-க்கும் மேல். பல, 12-ம் நூற்றாண்டில் நார்மன்கள் வந்து இறங்குவதற்கு முன்பே இருந்தவை.

சரி, அந்தப் பெயர்? ஐரிஷ் மொழியில் பிரித்தால் ஒரு குட்டி வரைபடமே கிடைக்கிறது. 'முக்' என்றால் பன்றி. 'முக்கனா', பன்றி முதுகு மாதிரி மேடு. 'இடிர்', நடுவில். அடுத்த துண்டு, இரண்டு. கடைசியில் 'சாலே', உப்புத் தண்ணீர். 'இரண்டு'க்குப் பின்னால் வந்தால் 'ச' தேய்ந்து 'ஹ' ஆகிவிடும். ஆக, இரண்டு உப்பங்கழிகளுக்கு நடுவே பன்றி முதுகு மேடு! படகில் வருகிறவனுக்கு வழி சொல்ல இதைவிட வேறென்ன வேண்டும்?

பிறகு எப்படி இந்த நாக்குச் சுளுக்கு? காரணம், வரி. (காமர்ஸ் படித்தவனுக்கு இந்த வார்த்தையைக் கேட்டாலே காது நிமிர்ந்துவிடும்.) நில வரியைச் சீராக்க, ஒவ்வொரு டவுன்லேண்டையும் அளந்துவிடு என்று 1824-ல் லண்டன் முடிவு செய்தது. மைலுக்கு ஆறு அங்குலம் கணக்கில் வரைபடம். அதில் பெயர் எழுத வேண்டுமே? ஜான் ஓ'டொனவன் என்ற இளம் அறிஞரை 1830-ல் வேலைக்கு எடுத்தார்கள். ஊர் ஊராகப் போனார். பெரியவர்களிடம் விசாரித்தார். ஐரிஷ் வடிவத்தை நோட்டில் குறித்தார். அதே கையால், வரைபடத்துக்கு ஆங்கில எழுத்தில் ஓர் உருவமும் எழுதிக்கொடுத்தார்.

திட்டுவதா, கும்பிடுவதா? நான் கும்பிடுகிற கட்சி. அவர் கால்வேக்குப் போனது 1838-39-ல். 1845-ல் ஆரம்பித்தது உருளைக்கிழங்குப் பஞ்சம். சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதே அளவு பேர் கப்பலேறினார்கள். அதிகம் அடிவாங்கியது ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதிதான். கேட்டால் சொல்ல ஆளில்லாமல் போன பல இடங்களுக்கு அந்த நோட்டுகள்தான் சாட்சி.

முக்கனாவுக்கு யோகம். கனமாராவில் ஐரிஷ் பிழைத்துக்கொண்டது. ஐரிஷ் பேசும் பகுதிகளில் ஆங்கில வடிவங்களுக்கு இருந்த சட்ட அந்தஸ்தை 2005 மார்ச்சில் அமலான ஓர் அரசாணை எடுத்துவிட்டது. இப்போது அதிகாரபூர்வப் பெயர் நான்கு சொற்கள், நடுவில் இடைவெளியோடு. மூச்சு விட்டுக்கொள்ளலாம்.