விளக்கம்: வைரஸ் சுவாசத் தொற்றில் உயிரிழப்பு அபாயம் கணிக்கப்படுவது எப்படி?

கொரோனா, இன்ஃபுளுயன்சா உள்ளிட்ட வைரஸ் சுவாசத் தொற்றுகளால் மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் குணமடைந்து வீடு திரும்புகின்றனர். எனினும், ஒரு பகுதியினரின் உடல்நிலை சில நாள்களில் திடீரென மோசமடைகிறது. அவர்கள் யார் என்பதை அனுமதிக்கப்படும் நேரத்திலேயே ஓரளவு அறிந்துகொள்ள மருத்துவர்கள் 'அபாய மதிப்பெண்' முறைகளைப் பயன்படுத்துகின்றனர். இந்த மதிப்பெண் எவ்வாறு கணக்கிடப்படுகிறது, அது எதைத் தெரிவிக்கிறது, எதைத் தெரிவிப்பதில்லை என்பதை இந்தத் தொகுப்பு விளக்குகிறது.

கணிப்பு ஏன் தேவை?

அபாயத்தின் அளவைப் பொறுத்தே சிகிச்சை தீர்மானிக்கப்படுகிறது. நோயாளியை வீட்டிலேயே கண்காணிக்கலாமா, வார்டில் சேர்க்க வேண்டுமா, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற வேண்டுமா என்பன முதல் கேள்விகள். எந்த மருந்து பலன் தரும் என்பதும் இதனுடன் தொடர்புடையது.

பிரிட்டனில் நடைபெற்ற 'ரெக்கவரி' ஆய்வின் முடிவுகள் 2020 ஜூன் மாதம் வெளியாயின. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, செயற்கை சுவாசக் கருவி பொருத்தப்பட்ட கொரோனா நோயாளிகளின் உயிரிழப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களின் உயிரிழப்பை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் ஏற்படவில்லை. ஒருவரின் உயிரைக் காக்கும் மருந்து, லேசான பாதிப்பு உள்ள மற்றொருவருக்குத் தேவையற்றது என்பதை இந்த முடிவு உணர்த்தியது.

இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் இரண்டாம் அலையின்போது கரும்பூஞ்சை நோய் பரவியதற்கு, கட்டுப்பாடற்ற நீரிழிவுடன் ஸ்டீராய்டு மருந்துகளின் மிகைப் பயன்பாடும் காரணம் என மருத்துவ வல்லுநர்கள் சுட்டிக்காட்டினர். அந்நோயை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவிக்குமாறு 2021 மே மாதம் மாநிலங்களை மத்திய அரசு கேட்டுக்கொண்டது.

எட்டு தகவல்கள், 21 மதிப்பெண்கள்

கொரோனா நோயாளிகளுக்காக உருவாக்கப்பட்ட மதிப்பெண் முறைகளில் பரவலாக அறியப்பட்டது 'ஐசாரிக் 4சி' உயிரிழப்பு மதிப்பெண் ஆகும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளைச் சேர்ந்த 260 மருத்துவமனைகளில் அனுமதிக்கப்பட்ட 35,463 பேரின் தரவுகளைக் கொண்டு இது உருவாக்கப்பட்டது. பின்னர் அனுமதிக்கப்பட்ட 22,361 பேரிடம் இதன் துல்லியம் சரிபார்க்கப்பட்டது. முடிவுகள் 2020 செப்டம்பரில் பிஎம்ஜே மருத்துவ இதழில் வெளியாயின.

பெரியவர்களுக்கான இம்முறையில் எட்டு தகவல்கள் கணக்கில் கொள்ளப்படுகின்றன:

• வயது: 50-க்குக் கீழ் 0, 50 முதல் 59 வரை 2, 60 முதல் 69 வரை 4, 70 முதல் 79 வரை 6, 80 மற்றும் அதற்கு மேல் 7.

• பாலினம்: ஆண் எனில் 1.

• இணைநோய்கள்: ஒன்று எனில் 1, இரண்டு அல்லது அதற்கு மேல் எனில் 2. நீரிழிவு, நாள்பட்ட இதய நோய், சிறுநீரக நோய், புற்றுநோய், உடல் பருமன் ஆகியவை இப்பட்டியலில் உள்ளவற்றில் சில.

• சுவாச வீதம்: நிமிடத்துக்கு 20 முதல் 29 வரை 1, 30 மற்றும் அதற்கு மேல் 2.

• ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு: சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும் நிலையில் 92 சதவீதத்துக்குக் கீழ் எனில் 2.

• நினைவுநிலை: கிளாஸ்கோ அளவீட்டில் 15-க்குக் குறைந்தால் 2.

• ரத்த யூரியா: லிட்டருக்கு 7 முதல் 14 மில்லிமோல் வரை 1, 14-க்கு மேல் 3.

• சி-ரியாக்டிவ் புரதம் (சிஆர்பி): லிட்டருக்கு 50 முதல் 99 மில்லிகிராம் வரை 1, 100 மற்றும் அதற்கு மேல் 2.

இவற்றின் கூட்டுத்தொகை அதிகபட்சம் 21. சரிபார்ப்புக்கு உட்படுத்தப்பட்டவர்களில் 0 முதல் 3 வரை மதிப்பெண் பெற்றவர்களில் 1.2 சதவீதத்தினரும், 4 முதல் 8 வரை பெற்றவர்களில் 9.9 சதவீதத்தினரும், 9 முதல் 14 வரை பெற்றவர்களில் 31.4 சதவீதத்தினரும், 15 மற்றும் அதற்கு மேல் பெற்றவர்களில் 61.5 சதவீதத்தினரும் உயிரிழந்தனர்.

இந்தத் தகவல்கள் ஒவ்வொன்றும் உடலின் ஒவ்வொரு நிலையைக் காட்டுகின்றன. சுவாச வீதமும் ஆக்சிஜன் அளவும் நுரையீரலின் பாதிப்பைத் தெரிவிக்கின்றன. சிறுநீரகம் பாதிக்கப்படும்போதும் உடலில் நீர்ச்சத்து குறையும்போதும் யூரியா உயர்கிறது. கல்லீரலில் உற்பத்தியாகும் சிஆர்பி, உடலில் நிலவும் அழற்சியின் அளவுகோலாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

நீரிழிவு உள்ள 64 வயது ஆண் ஒருவர் அனுமதிக்கப்படுவதாகக் கொள்வோம். அவர் தெளிவான நினைவுடன் இருக்கிறார். சுவாச வீதம் 24, ஆக்சிஜன் அளவு 90 சதவீதம், யூரியா 8 மில்லிமோல், சிஆர்பி 110 மில்லிகிராம். வயதுக்கு 4, பாலினத்துக்கு 1, இணைநோய்க்கு 1, சுவாச வீதத்துக்கு 1, ஆக்சிஜன் அளவுக்கு 2, யூரியாவுக்கு 1, சிஆர்பிக்கு 2 என அவரது மதிப்பெண் 12 ஆகிறது. அவர் அதிக அபாயப் பிரிவில் வருகிறார்.

அந்தப் பிரிவில் இருந்த 100 பேரில் சுமார் 31 பேர் உயிரிழந்தனர். சுமார் 69 பேர் பிழைத்தனர். இந்த நோயாளி எந்தத் தரப்பில் இருப்பார் என்பதை மதிப்பெண் கூறுவதில்லை. அது ஒரு குழுவின் அனுபவத்தைக் கூறுகிறதே தவிர, தனி ஒருவரின் முடிவை அன்று. மேலும், சிகிச்சை பெற்ற பின்னரும் ஏற்பட்ட உயிரிழப்புகளே அந்தக் கணக்கில் உள்ளன. ஆகவே, சிகிச்சை முறை மேம்பட்டால் அதே மதிப்பெண்ணுக்குரிய அபாயமும் குறையும்.

துல்லியத்தின் அளவு

உயிரிழந்த ஒருவரையும் பிழைத்த ஒருவரையும் தற்செயலாகத் தேர்ந்தெடுத்தால், உயிரிழந்தவருக்கு அதிக மதிப்பெண் இருப்பதற்கான வாய்ப்பு இம்முறையில் 100-க்கு சுமார் 77 ஆக இருந்தது. மருத்துவருக்கு இது பயனுள்ள உதவிதான் என்றாலும், மருத்துவரின் முடிவுக்கு இது மாற்றாகாது.

பெருந்தொற்றின் தொடக்க மாதங்களில் ஏராளமான கணிப்பு முறைகள் அவசரமாக வெளியிடப்பட்டன. அவற்றை ஆராய்ந்து 2020 ஏப்ரலில் பிஎம்ஜே இதழில் வெளியான மதிப்பாய்வு ஒன்று, அதுவரை வெளியாகியிருந்த 31 முறைகளும் ஒருபக்கச் சாய்வுக்கான அபாயம் மிக்கவை எனத் தெரிவித்தது. ஒரு மருத்துவமனையின் தரவுகளுக்கு நன்கு பொருந்தும் முறை, வேறோர் இடத்தில் சரிபார்க்கப்படும் வரை நம்பகமானதாகக் கருதப்படுவதில்லை.

இந்தியாவில் பின்பற்றப்பட்ட வகைப்பாடு

ரத்தப் பரிசோதனை முடிவுகளுக்காகக் காத்திருக்க இயலாத சூழலில் எளிய வகைப்பாடே கைகொடுக்கிறது. எய்ம்ஸ், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆகியவை 2021 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலில் கொரோனா பாதிப்பு மூன்று வகைகளாகப் பிரிக்கப்பட்டது. மூச்சுத்திணறல் இல்லாதவர்கள் லேசான பாதிப்பு உடையவர்கள். சுவாச வீதம் நிமிடத்துக்கு 24 அல்லது அதற்கு மேல், அல்லது ஆக்சிஜன் அளவு 90 முதல் 93 சதவீதம் எனில் மிதமான பாதிப்பு. சுவாச வீதம் 30-ஐத் தாண்டினாலோ ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழ் சென்றாலோ கடுமையான பாதிப்பு.

ஒரு கடிகாரமும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் இருந்தால் சிறிய சுகாதார மையத்திலும் இந்த வகைப்பாட்டைச் செய்ய இயலும். எச்1என்1 காய்ச்சலுக்கும் ஏ, பி, சி என்ற வகைப்பாட்டை மத்திய சுகாதாரத் துறை வகுத்துள்ளது. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கநிலை, ரத்த அழுத்தம் குறைதல், சளியில் ரத்தம், நகங்கள் நீலநிறமாதல் ஆகிய அறிகுறிகள் உள்ளவர்கள் 'சி' பிரிவினர்; அவர்கள் உடனடியாக மருத்துவமனையில் அனுமதிக்கப்பட வேண்டும்.

அலகுகளில் கவனம் தேவை

வெளிநாட்டு மதிப்பெண் முறையை இங்கு பயன்படுத்தும்போது ஆய்வக அலகுகளைச் சரிபார்ப்பது அவசியம். இந்திய ஆய்வகங்கள் யூரியாவைப் பொதுவாக டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்ற அளவில் தெரிவிக்கின்றன. 7 மில்லிமோல் என்பது சுமார் 42 மில்லிகிராம் யூரியாவுக்கும், 14 மில்லிமோல் என்பது சுமார் 84 மில்லிகிராமுக்கும் சமம். சில அறிக்கைகளில் யூரியாவுக்குப் பதிலாக 'யூரியா நைட்ரஜன்' குறிப்பிடப்படுகிறது. அதன் மதிப்பு யூரியா மதிப்பில் பாதிக்கும் குறைவு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் அபாயம் குறைவாகக் கணிக்கப்படும்.

ஆக்சிமீட்டர் அளவீட்டிலும் வரம்பு உண்டு. கருநிறத் தோல் உடையவர்களிடம் இக்கருவி ஆக்சிஜன் அளவை உண்மையைவிட அதிகமாகக் காட்டக்கூடும். அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2020 டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வில், கருவி 92 முதல் 96 சதவீதம் காட்டியபோதும் உண்மையில் 88 சதவீதத்துக்குக் கீழ் இருந்தது கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளையினத்தவரிடம் இது 3.6 சதவீதம். குளிர்ந்த விரல்களும் நகப்பூச்சும்கூட அளவீட்டைப் பாதிக்கும்.

நோய் மாறினால் கணக்கும் மாறும்

4சி மதிப்பெண்ணின் தரவுகள் தடுப்பூசி வருவதற்கு முந்தைய, 2020-ஆம் ஆண்டின் முதல் பாதியைச் சேர்ந்தவை. இந்தியாவில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது 2021 ஜனவரி 16-ஆம் தேதி. தடுப்பூசி, புதிய சிகிச்சை, வைரஸின் புதிய திரிபு ஆகியவை உயிரிழப்பு விகிதத்தை மாற்றும்போது பழைய சதவீதங்கள் அப்படியே பொருந்துவதில்லை.

ஒரு நோய்க்குரிய முறையை மற்றொரு நோய்க்குப் பயன்படுத்துவதும் பிழைக்கு வழிவகுக்கும். நிமோனியாவுக்காக 2003-இல் வெளியான 'கர்ப்-65' முறை மனக்குழப்பம், யூரியா, சுவாச வீதம், ரத்த அழுத்தம், 65 வயது ஆகிய ஐந்தைக் கணக்கிடுகிறது. ஆனால் 2009-இல் பரவிய எச்1என்1 காய்ச்சல் இளையோரையும் கர்ப்பிணிகளையும் கடுமையாகத் தாக்கியது. இந்தியாவில் அதனால் ஏற்பட்ட முதல் உயிரிழப்பு 2009 ஆகஸ்டில் புனேயில் பதிவானது. உயிரிழந்தவர் பள்ளி செல்லும் வயதினர். முதுமையை முதன்மையாகக் கொள்ளும் கணக்கு இத்தகையோரின் ஆபத்தைத் தவறவிடக்கூடும்.

ஒரு முறை கணக்கிட்டால் போதுமா?

4சி மதிப்பெண் அனுமதிக்கப்படும் நேரத்துக்குரியது. அதன்பின் ஏற்படும் மாற்றங்களைக் கண்டறிய, பிரிட்டனின் ராயல் மருத்துவர்கள் கல்லூரி 2017-இல் திருத்தி வெளியிட்ட 'நியூஸ்-2' போன்ற கண்காணிப்பு முறைகள் உள்ளன. சுவாசம், ஆக்சிஜன், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், வெப்பநிலை, நினைவுநிலை ஆகியவை மீண்டும் மீண்டும் அளக்கப்படுகின்றன. கூட்டுத்தொகை 5-ஐ எட்டினால் உடனடி மருத்துவ மதிப்பீடும், 7-ஐ எட்டினால் அவசர சிகிச்சைக் குழுவின் கவனிப்பும் தேவை.

அதிக மதிப்பெண் என்பது கூடுதல் கண்காணிப்புக்கான அறிவிப்பே தவிர, சிகிச்சையைக் கைவிடுவதற்கான காரணமாகாது. படுக்கைகளுக்கும் ஆக்சிஜனுக்கும் தட்டுப்பாடு நிலவிய 2021 ஏப்ரல், மே மாதங்களைப் போன்ற நெருக்கடியில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது. 4சி ஆய்வில் மிக அதிக அபாயப் பிரிவில் இருந்தவர்களிலும் 100-க்கு 38 பேர் உயிர் பிழைத்தனர். அதேபோல், குறைந்த மதிப்பெண் பெற்றவருக்கு மூச்சுத்திணறல் அதிகரித்தாலோ, குழப்பமான பேச்சு தென்பட்டாலோ, ஆக்சிஜன் அளவு தொடர்ந்து குறைந்தாலோ, முன்னர் கணக்கிட்ட எண்ணை நம்பியிராமல் உடனே மருத்துவரின் கவனத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.